கடற்கரைத் தம்பதியும் எங்கள் கூடாரமும்

படத்தில் இருப்பவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். அவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துவது என் உத்தியோகம். பயாஸ்கோப்புக் கூடாரத்தில் வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஏறி நின்று, கையில் ஒரு பிரம்பை வைத்துக்கொண்டு, ‘இதோ வருகிறான் பாருங்கள், இதோ அழுகிறாள் பாருங்கள்’ என்று கதை சொல்ல வேண்டும். மிஷினுக்கு எண்ணெய் போடுவார்கள், எனக்குச் சுக்குக் கஷாயம் ஊற்றுவார்கள். அதற்கு முன்னால் ஒரு பாகவதருக்குப் பின்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். அவர் பாடியதைத் திருப்பிப் பாடினால் அங்கே வேலை முடிந்தது. இங்கே எல்லாவற்றையும் நானே இட்டுக்கட்ட வேண்டும். ஏலம் போடுகிறவர்கள், தரகு பேசுகிறவர்கள், கல்யாணம் முடித்து வைக்கிறவர்கள் என்று வாயை வைத்துப் பிழைக்கிற யாராவது இதைப் படித்தால் என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

கூடாரம் பொன்னையா அண்ணாச்சிக்குச் சொந்தம். மிஷினின் கைப்பிடியை அவரேதான் சுற்றுவார். அவர் சம்சாரம் கோதை மதினி பெண்கள் வாசலில் நின்று ஆட்களை உள்ளே விடுவார். ரயில் வருகிற படம், குதிரை ஓடுகிற படம், ஆள் பல்டி அடிக்கிற படம் என்று எங்களிடம் சில துண்டுகள் இருந்தன. அந்த வருஷம் அண்ணாச்சி மதராஸிலிருந்து புதிதாக ஒரு படம் வாங்கி வந்தார். வெற்றிலை போட்டு மென்று முடிப்பதற்குள் அதுவும் முடிந்துவிடும். ஒரு வெள்ளைக்காரன், ஒரு வெள்ளைக்காரி, ஒரு கடற்கரை, அவ்வளவுதான். எழுத்து ஒன்றும் கிடையாது. அவர்கள் யார், எதற்காக வந்தார்கள் என்பது விற்றவனுக்கும் தெரியவில்லை, வாங்கினவருக்கும் தெரியவில்லை. அந்தச் சின்னப் படத்தை வைத்துக்கொண்டு ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

தாலி எங்கே?

ராஜபாளையத்தில் முதல் நாள். படத்தில் அவன் ஒரு வண்டியில் வந்து இறங்குகிறான். அவள் வேறொரு வண்டியில் வந்து இறங்குகிறாள். இரண்டு பேரும் ஒரே ஹோட்டலில் தங்குகிறார்கள். சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்காருகிறார்கள், பேச்சு இல்லை. பிறகு கடற்கரையில் காற்று அவள் குடையைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. இவன் விழுந்தடித்து ஓடி அதைப் பிடித்துக்கொண்டு வருகிறான். கடைசியில் ஒரு பெஞ்சியில் இருவரும் உட்கார, இவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து அவள் விரலில் போடுகிறான். இதைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதையேதான் நினைத்தேன். கல்யாணமாகாத பையன், கல்யாணமாகாத பெண், காதல் என்று வெளுத்துக் கட்டினேன். ஆண்கள் பக்கம் சீட்டி பறந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில், ஒரு வளையல் சத்தம்கூட இல்லை. மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் வந்து நின்றார்கள். ஊர் பேர் தெரியாதவனிடம் மோதிரம் வாங்குகிற பெண்ணைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமென்றும், பொழுது சாய்வதற்குள் கூடாரத்தைப் பிரித்துவிட வேண்டுமென்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அண்ணாச்சி கூடாரக் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். கவலை வந்தால் அவருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அப்போதுதான் மதினி என்னைக் கூப்பிட்டார். “சங்கரா, அவன் அவ புருஷன்தாம்லே. சாப்பிடுதப்ப பாத்தியா? அவன் கையை நீட்டுததுக்கு முன்னாடியே உப்புக் கிண்ணத்தை அவன் பக்கம் நகட்டி வைக்கா. மூஞ்சிய மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கிடுதா. அசல் ஆளுன்னா அவனுக்கு உப்பு கூட வேணும்னு அவளுக்கு எப்படித் தெரியும்? சண்டை போட்டுப் பிரிஞ்சவ அவ. மோதிரமும் அவளோடதுதான். கோவத்துல கழட்டி எறிஞ்சிருப்பா. அதை அவன் எடுத்து வச்சிருந்து திருப்பிப் போடுதான்” என்றார். அந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். உப்புக் கிண்ணம் என் கண்ணில் படவே இல்லை.

பெரியவர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அன்று மாலையிலிருந்து கதையை மாற்றினேன். பிரிந்துபோன புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள் என்றதும் பெண்கள் பக்கம் உயிர் வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: “கழுத்துல தாலியக் காணமே?” நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட அவள் சட்டையைப் பிரம்பால் தொட்டுக் காட்டி, “தாலி சட்டைக்குள்ளே பத்திரமாக இருக்கிறது, தாயே” என்றேன். வீட்டில் தெலுங்கு பேசுகிற ஓர் அம்மாளின் குரல் தட்டிக்கு மேலே எகிறி வந்தது.

“ஏமய்யா, சட்டைக்குள்ள இருக்கிறது ஒமக்கு எப்படித் தெரியும்?”

கடலுக்குப் போனவர்கள்

எங்கள் ஜனங்களில் முக்கால்வாசிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. கண்மாயைப் பார்த்திருப்பார்கள், மலையடிவாரத்து ஓடையைப் பார்த்திருப்பார்கள். துணியில் முதல் அலை எழுந்ததும் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நனைந்துவிடும் என்று காலை மடக்கிக்கொண்டார்கள். போதாக்குறைக்கு மலையிலிருந்து இறங்குகிற காற்று துணியைப் பிடித்து உலுக்கும். கடல், ஹோட்டல், புருஷன், பெண்டாட்டி எல்லாம் சேர்ந்து நடுங்கும். நான் முக்காலியில் நிற்பதா, துணியைப் பிடித்துக்கொள்வதா என்று தெரியாமல் தவிப்பேன்.

இவர்கள் எதற்கு அங்கே போனார்கள் என்பதை விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வெள்ளைக்காரர்கள் வருஷத்தில் கொஞ்ச நாள் வேலையைப் போட்டுவிட்டு, சும்மா இருப்பதற்கென்றே ஓர் ஊருக்குப் போவார்கள், அதற்கு லீவு என்று பெயர் என்றேன். சும்மா இருப்பதற்கு வீடு போதாதா என்று ஒருவர் கேட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது விளங்கவில்லை. ஊருக்கெல்லாம் திருவிழா என்றால் எங்களுக்கு அன்றைக்குத்தான் இடுப்பொடிய வேலை. அண்ணாச்சியும் மதினியும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள்கூடச் சேர்ந்தாற்போல் சும்மா உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. படம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும், சேத்தூர்ப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு பெரியவர் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். ராமேஸ்வரம் போய் வந்தவராம்.

“அம்புட்டு தூரம் கடலுக்குப் போயி ஒருத்தரும் முழுகல, திதியும் குடுக்கல. பொறவு எதுக்குய்யா போனாக?”

நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டவன்

புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். எனக்கு அது சாப்பாட்டு நேரத்தில் நடக்கும். கூடாரத்துக்குப் பின்னால் அடுப்பு. அண்ணாச்சி ஒரு பக்கம் உட்காருவார், மதினி ஒரு பக்கம் சட்டியோடு நிற்பார். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். மதினி என்னைப் பார்த்து, “அவிய இன்னும் கொஞ்சம் போட்டுக்கிடுவாகளான்னு கேளு சங்கரா” என்பார். நான் கேட்பேன். அண்ணாச்சி என்னைப் பார்த்து, “போதும்னு சொல்லு” என்பார். நான் சொல்வேன். மதினி அதைக் காதில் வாங்காத மாதிரி ஒரு அகப்பை போடுவார், அண்ணாச்சியும் சாப்பிடுவார். இதற்குள் என் இலையில் குழம்பு காய்ந்துபோயிருக்கும்.

இந்தப் பேசாத பேச்சுக்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின வருஷம் தேவதானத்தில் கூடாரம் போட்டிருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் மதினியின் அப்பா இறந்துபோனார் என்று ஆள் வந்தது. கூடாரம் நிறைந்து, கால் வைக்க இடமில்லை. இப்போது நிறுத்தினால் ஜனங்கள் கூடாரத்தைக் கிழித்துவிடுவார்கள், ஆட்டம் முடிந்ததும் கிளம்புவோம் என்றார் அண்ணாச்சி. மதினி கிடைத்த வண்டியில் ஏறிப் போய்விட்டார். அது ஆண்பிள்ளை இல்லாத வீடு. மருமகன் வந்து கொள்ளி வைக்கட்டும் என்று பாடையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். காத்திருந்து பார்த்துவிட்டு, பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைக் கொண்டு வைத்தார்கள். அண்ணாச்சி போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் மனசு கெட்டவர் இல்லை. போன பிறகாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதுதான் அவருக்கு வராது. அன்றைக்கு நின்ற பேச்சு.

ராஜபாளையத்தில் ஒரு நாள் மதினி சட்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். “சங்கரா, அடுத்து ஆடிப்பூரத்துக்கு எங்க ஊர்ல கூடாரம் போடுதோம். அது முடிஞ்சு பிரிக்கிறப்ப நான் வண்டியில ஏற மாட்டேன். எங்கம்மா வீட்டுல இருந்துக்கிடுதேன். அவியகிட்டச் சொல்லு.” பெண்கள் வாசலில் மதினி இல்லாவிட்டால் பெண்கள் வரமாட்டார்கள். பெண்கள் வராவிட்டால் கூடாரத்தை மூட்டை கட்ட வேண்டியதுதான். அதெல்லாம் அப்புறம். அவர்கள் இருவரையும் எனக்குப் பிடிக்கும், அதுதான் பெரிய கஷ்டம். திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தேன். எல்லாம் அவர் காதிலும்தான் விழுந்திருந்தது. ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று நான் உட்கார்ந்திருக்க, அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“ஆட்டம் ஆரம்பிக்க நேரமாச்சுன்னு சொல்லு.”

ராவுத்தரின் கண்

ராஜபாளையத்தில் எங்கள் கூடாரத்துக்குக் கிழிசல் தைக்கத் துணி கொடுத்தவர் ஜவுளிக்கடை ராவுத்தர். ஆர அமரப் பேசுகிற மனுஷர். துணி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர், படத்தைப் பார்த்துவிட்டு, பிறகு தினமும் கடையைக் கட்டிவிட்டு வர ஆரம்பித்தார்.

இந்தச் சமயத்தில் நான் பெஞ்சிக் கட்டத்தை நன்றாக வளர்த்து வைத்திருந்தேன். அவன் வந்து உட்கார்ந்ததும் குரலைத் தழைத்துக்கொண்டு, “கண்ணே, தப்பெல்லாம் என்னுடையது, உன்னைத் தவிக்க விட்டேன், என்னை மன்னித்துவிடு” என்று உருகுவேன். பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். எனக்கே கண் கலங்கும். நம்மை விட்டால் இந்தத் தொழிலுக்கு ஆள் கிடையாது என்று நினைத்துக்கொள்வேன். கடைசி ஆட்டத்தன்று ராவுத்தர் என் பக்கத்தில் வந்து நின்றார். பாராட்டப் போகிறார் என்று நானும் குனிந்து நின்றேன். பின்னால் அண்ணாச்சி பிலிமைத் துடைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“தினமும் பாக்கேன் தம்பி. அந்தாளு வந்து உக்காருதான், மோதிரத்தைப் போடுதான், அம்புட்டுத்தான். வாய் அசையவே இல்ல. மன்னிப்புக் கேக்கறது நீருதான்.”

இரண்டு வண்டி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கூப்பிடு தூரம்தான். ஆனால் அன்றைக்குப் போனது போல் ஒரு நீளமான பிரயாணம் நான் போனதில்லை. ஆடிக்காற்று முகத்தில் அடித்தது. முன் வண்டியில் சட்டிபானைகளோடு மதினி. பின் வண்டியில் மிஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி. எந்த வண்டியில் ஏறினாலும் மற்றவர் தப்பாக நினைப்பாரோ என்று நான் நடுவில் புழுதியைத் தின்றுகொண்டு நடந்தேன். அண்ணாச்சி அடிக்கடி என்னைக் கைதட்டிக் கூப்பிட்டு, “வெயில் அடிக்குதே, முக்காடு போட்டுக்கிடச் சொல்லு” என்பார். ஓடிப்போய்ச் சொல்வேன். “மிஷினுக்கு மேல சாக்கைப் போடச் சொல்லு, தூசி போகும்” என்று மதினி திருப்பி அனுப்புவார். ஓடி வருவேன். இவ்வளவு அக்கறை இருக்கிறவர்கள் நேரே பேசிக்கொண்டால் என்ன என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கோபுரம் கண்ணுக்குத் தெரிந்ததும் மதினி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேற்கொண்டு எங்கேயும் வரப்போவதில்லை என்ற முடிவு அந்த முகத்தில் நன்றாகத் தெரிந்தது. முன் வண்டிக்காரர் மாட்டை நிறுத்தி, நான் ஓடி ஓடி இரைப்பதைப் பார்த்துவிட்டுத் தார்க்குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டார்.

“அவிய ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்திட்டு நீரு இன்னொண்ணுல ஏறிக்கிடலாம்லய்யா?”

ஆண் தலை தெரியாத ஆட்டம்

ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்த மறுநாள். தேர் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் இன்னும் ஊரில்தான் இருந்தார்கள். பெரிய வீட்டுப் பெண்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூடாரத்துக்குள் ஒரு ஆண் தலைகூடத் தெரியக்கூடாது, அப்படியானால் வருகிறோம் என்று. மிஷின் சுற்றுகிறவர் பின்னால் தகரம் அடித்த கூண்டுக்குள் இருப்பார், வெளியே தெரியமாட்டார், அதற்குச் சம்மதித்தார்கள். ஆனால் துணிக்குப் பக்கத்தில் பிரம்போடு நிற்கிற நான் ஆகாது. அப்படியென்றால் யார் கதை சொல்வது? அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு, “அவளுக்குச் சொல்ல வருமான்னு கேளு” என்றார். கேட்டேன். “சொல்லுதேன்னு சொல்லு” என்றார் மதினி. விளக்கு வைத்த பிறகு ஆட்டம் ஆரம்பித்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடாரத்துக்கு வெளியே, தகரக் கூண்டை ஒட்டினாற்போல் நின்று, படுதாவின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் வேலையை இன்னொருவர் செய்வதை ஒளிந்து நின்று பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மதினி முக்காலியில் ஏறவில்லை. தரையிலேயே நின்றார். பிரம்பும் எடுக்கவில்லை. ஹோட்டலைக் காட்டியதும் சாதாரணமாக, பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி ஆரம்பித்தார். “இவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பாவுக்கு இவ ஒரே மக. அந்த அப்பா செத்துப்போனாரு. புருஷனுக்கு ஆள் வந்து சொல்லுது. இவரு என்ன சொன்னாரு தெரியுமா? வேலை முடியட்டும்னாரு.” கூடாரத்துக்குள் ‘அடப்பாவி’ என்று ஒரு குரல் கேட்டது. குடை பறந்தது, அவன் துரத்திக்கொண்டு ஓடினான். மதினி அதைத் திரும்பியே பார்க்கவில்லை. “இவ வாசல்லயே நிக்கா. பொம்பளை சுடுகாட்டுக்குப் போக முடியாதுல்லா. தெருமுக்கைப் பாத்துக்கிட்டே நிக்கா. ஒரு வண்டிச் சத்தம் கேட்டா அவிய வந்துட்டாகன்னு ஓடுதா. அது வேற யாரோ. பொறவு இன்னொரு வண்டி. அதுவும் வேற யாரோ. அப்பாவைத் தூக்கிட்டுப் போயிட்டாக. இப்ப இவரு குடையப் பிடிச்சுக் குடுக்க ஓடுதாரு. அன்னிக்கு ஓடி வந்திருந்தா என்ன?” உள்ளே யாரோ கேவி அழுதார்கள். வெளியே நின்ற எனக்கும் அடக்க முடியவில்லை. ஒரு வருஷமாக நான் தூது போயிருக்கிறேன். மதினிக்குள் இது இருந்தது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

பெஞ்சிக் கட்டம் வந்தது. அவன் அவளை நோக்கி நடந்து வருகிறான். “வாராரு பாருங்க. இப்பவாவது எதாவது சொல்லுதாரான்னு பாப்போம்” என்றார் மதினி. அந்த இடத்தில் படம் நின்றது. ஒரு காலைத் தூக்கியபடியே அவன் அப்படியே நின்றான். மிஷினில் ஒரு விஷயம் உண்டு. விளக்கின் சூடு அவ்வளவு பொல்லாதது. கைப்பிடி சுற்றிக்கொண்டே இருக்கும் வரைக்கும் பிலிமுக்கு ஒன்றும் ஆகாது, கை நின்றால் அந்த இடத்தில் பற்றிக்கொள்ளும். கொட்டகை சரிந்தாலும், மழை கொட்டினாலும், மாமனார் செத்தாலும் நிற்காத கை அண்ணாச்சியுடையது. அது நின்றுவிட்டது. துணியில் அவன் நெஞ்சில் பழுப்பாக ஒரு புள்ளி விழுந்தது, பெரிதானது, கொப்பளித்தது, அப்புறம் வெறும் வெள்ளை. பக்கத்துக் கூண்டுக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தமும் நாற்றமும் வந்தன.

தகரக் கதவைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனேன். அண்ணாச்சி எரிகிற பிலிமை வெறும் கையால் இழுத்து வெளியே போட்டு, மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் அத்தனை பேரும் வாசலை நோக்கி ஓட, ஒரே ஒரு ஆள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தார். வழியில் நின்ற என்னை ஒரே தள்ளு. “கையைக் காட்டுங்க” என்றார் மதினி. ‘கையைக் காட்டச் சொல்லு’ என்று என்னிடம் சொல்லவில்லை. கவனியுங்கள், நேராக அவரிடம் சொன்னார். அண்ணாச்சி கையை நீட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். “நீ சொன்னதைக் கேட்டதும் கை ஓடல கோதை. அன்னிக்கே நிறுத்திட்டு வந்திருக்கணும். மாமாவுக்கு நான்தான் கொள்ளி வச்சிருக்கணும். உன்னைத் தெருமுக்குல நிக்க வச்சுட்டேன். தப்பு என்னோடது.” மதினி குடத்துத் தண்ணீரை அவர் கையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். குடம் காலியான பிறகும் கையை விடவில்லை. கீழே கருகிக் கிடந்த சுருளைக் காலால் ஒதுக்கினார்.

“இதை அன்னிக்கே சொல்லியிருந்தா இந்தப் படம் மிஞ்சியிருக்கும்லா.”

எந்தத் தெரு?

கூடாரத்தைப் பிரித்தபோது மதினி வண்டியில் ஏறவில்லை. சொன்னால் சொன்னதுதான். ஆனால் அண்ணாச்சியும் ஏறவில்லை. சுட்ட கையில் மருந்தைக் கட்டிக்கொண்டு மாமியார் முன்னால் போய் நின்று, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அந்த அம்மாள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு எழுந்துபோய் ஒரு பாயைக் கொண்டுவந்து போட்டார். கை ஆறும் வரைக்கும் இங்கேதான் இருக்கப் போகிறேன், அதற்குப் பிறகு கோதை என்ன சொல்கிறாளோ அதுதான், நீ வண்டிகளைக் கூட்டிக்கொண்டு வ. புதுப்பட்டிக்குப் போ என்று என்னிடம் கைப்பிடியை ஒப்படைத்தார். கூடாரக் கயிற்றை ஓடி ஓடிப் பார்க்க வேண்டிய காற்று அடித்தும், அவர் பாட்டுக்கு மாமியார் வீட்டு நடையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மதினி பக்கத்தில் உட்கார்ந்து எதற்கோ அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். இதுதான் லீவு போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

வ. புதுப்பட்டியில் மிஷின் சுற்றுவதும் நான், கதை சொல்வதும் நான். கூண்டுக்குள்ளிருந்தே கத்தினேன். மிச்சமிருந்த படத்தில் அவன் பெஞ்சியை நோக்கி நடந்து வருவான், உடனே துணி வெள்ளையாகிவிடும். மோதிரமும் இல்லை, சமாதானமும் இல்லை. வயலில் வேலை பார்த்து அலுத்து வந்த ஜனங்கள் சும்மா விடுவார்களா? பொறவு என்ன ஆச்சு, பொறவு என்ன ஆச்சு என்று கூடாரத்தைத் தூக்கிவிட்டார்கள். வேறு வழி தெரியாமல், அவர்கள் இரண்டு பேரும் சமாதானமாகி இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியார் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று கத்தினேன். அது பொய்யும் இல்லையே. கூட்டம் அடங்கியது. வெளியே போகும்போது ஒரு அம்மாள் மட்டும் கூண்டுப் பக்கம் வந்து தகரத்தைத் தட்டினார்.

“எந்தத் தெருன்னு சொல்லும். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போறப்ப அந்தப் பிள்ளையப் பாத்துட்டு வாரோம்.”

அண்ணாச்சியும் மதினியும் பிறகு கூடாரத்துக்குத் திரும்பி வந்து ஓயாமல் சண்டை போட்டார்கள், ஆனால் அதற்குத் தூது போக என்னை ஒரு நாளும் கூப்பிடவில்லை. இத்தனை வருஷத்தில் நான் சந்தோஷமாகப் பறிகொடுத்த உத்தியோகம் அது ஒன்றுதான்.